கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு: முதல் கிளாசிக் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குப் பந்தயப் பாதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏற்றமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதி. இறக்கத்தில் வீரர்களுக்கு இடையே சில விநாடிகள்தாம் வித்தியாசப்படும். பெரும் இடைவெளி விழுவது ஏற்றத்தில்தான். பலகைகளைத் தடத்தில் இணையாக ஓட்டும் கிளாசிக் முறையில், ஸ்கேட்டிங் செய்வதுபோல் பக்கவாட்டில் உதைத்து முன்னேற அனுமதி இல்லை என்பதால், ஏற்றத்தில் பலகை பின்னுக்கு வழுக்காமல் பனியைப் பற்றிக்கொள்ளச் செய்வதே முதலில் கற்க வேண்டிய வித்தை.

அது பலகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொடங்குகிறது. பலகையின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவின் விறைப்பு உங்கள் உடல் எடைக்குப் பொருந்த வேண்டும். சமதளத் தரையில் இரண்டு பலகைகள்மீதும் எடையைச் சமமாகப் பகிர்ந்து நில்லுங்கள். அப்போது பாதத்துக்கு நேர் கீழே, பலகைக்கு அடியில் வைத்த தாளை மற்றொருவர் தடையின்றி முன்னும் பின்னும் நகர்த்த முடிய வேண்டும். முழு எடையையும் ஒரே காலுக்கு மாற்றினால் தாள் அசையவே கூடாது. முதல் நிலையிலேயே தாள் சிக்கினால் அந்தப் பலகை உங்களுக்கு மென்மையானது. நடுவில் பூசும் மெழுகு வழி நெடுகிலும் பனியில் உரசி வேகத்தைக் குறைக்கும். இரண்டாம் நிலையிலும் தாள் நகர்ந்தால் அது மிகவும் விறைப்பானது. எவ்வளவு மெழுகு பூசினாலும் ஏற்றத்தில் பிடிக்காது. எடை குறைந்த காலணி, விலையுயர்ந்த ஊன்றுகோல் ஆகியவற்றைவிட இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஒதுக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஊன்றுகோலைப் பொறுத்தவரை, கிளாசிக்கில் அதன் நீளம் காலணியுடன் அளந்த உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 170 செ.மீ. உயரத்துக்கு 141 செ.மீ. வரும்.

அடுத்தது மெழுகு. பலகையின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் வழுக்கு மெழுகு, பாதத்தின் கீழுள்ள பகுதிக்குப் பிடிப்பு மெழுகு. பாதம் அழுத்தும்போது பனிப் படிகங்களின் கூர்முனைகள் பிடிப்பு மெழுகில் குத்தி நிற்கும். அழுத்தம் நீங்கியதும் விடுபடும். கடுங்குளிரில் விழுந்த புதுப்பனியின் முனைகள் கூர்மையாக இருப்பதால் கடினமான மெழுகும், வெப்பநிலை உயர உயர மென்மையான மெழுகும் தேவைப்படும். உருகி மீண்டும் உறைந்த பழைய பனிக்குக் கிளிஸ்டர் எனப்படும் பசை போன்ற மெழுகுதான் சரி. ஒரே தடிப்பான பூச்சாக இல்லாமல், பல மெல்லிய அடுக்குகளாகப் பூசி ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பலகை வெளிக்காற்றில் குளிர்ந்த பிறகு, பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றத்தில் சோதித்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் ஓர் அடுக்கைச் சேர்த்து, பூச்சைச் சற்று முன்னோக்கி நீட்டுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் மட்டும் மென்மையான வகைக்கு மாறுங்கள். ஃபுளோரின் கலந்த மெழுகுகள் 2023–24 பருவம் முதல் கூட்டமைப்பின் போட்டிகளில் தடை செய்யப்பட்டுள்ளன.

சரியான மெழுகும் சரியான உதைப்பு இல்லாவிட்டால் பயன்படாது. இரு பாதங்களும் ஒன்றையொன்று கடக்கும் அந்தக் கணத்திலேயே பலகையைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். பாதம் பின்னால் போன பிறகு உதைத்தால் அழுத்தம் கீழே இறங்காமல் பின்னோக்கிச் செல்வதால் பலகை வழுக்கிவிடும். பலரும் இதை மெழுகின் குறையென்று நினைத்துக்கொள்கிறார்கள். உதைத்தவுடன் முழு எடையும் வழுக்கிச் செல்லும் பலகைக்கு மாற வேண்டும். ஊன்றுகோல் இல்லாமல் மிதமான ஏற்றத்தில் பழகுவது இதற்கு மிகச் சிறந்த பயிற்சி. 2025 டிரான்ட்ஹெய்ம் உலக சாம்பியன்ஷிப்பில் ஆறு தங்கங்களையும் வென்ற நார்வே வீரர் கிளேபோ, செங்குத்தான ஏற்றங்களில் குறுகிய அடிகளை மிக வேகமாக வைத்து ஓடியே ஏறுகிறார். அதை ரசித்துப் பாருங்கள். ஆனால் அதற்குத் தேவையான இதயத் திறன் வரும்வரை, அடியைச் சுருக்கி நிதானமாக ஏறுவதே உங்களுக்குப் பலன் தரும்.

சமவெளியில் இரு ஊன்றுகோல்களையும் ஒருசேர ஊன்றித் தள்ளுங்கள். கையால் மட்டும் தள்ளாமல் வயிற்றுத் தசைகளின் பலத்தோடு உடலையே அவற்றின்மேல் சாயுங்கள்.

தனித்தனியாகப் புறப்படும் போட்டிகளில் வழக்கமாக 30 விநாடிக்கு ஒருவர் கிளம்புவார். முன்னால் சென்றவரைத் துரத்தும் ஆவலில் முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறாதீர்கள். ஏற்றத்தின் உச்சியில் நின்று இளைப்பாறாமல், இறக்கம் தொடங்கும்வரை மேலும் சில அடிகள் தள்ளிவிட்டு, அதன்பின் உடலைத் தாழ்த்தி மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள்.