சேலத்துல உக்காந்துகிட்டு தாமஸ் மன்ரோ வாழ்க்கைய எழுதுறது எப்படி?

காலேஜ் அசைன்மெண்ட்டோ பேச்சுப் போட்டியோ, ஈஸ்ட் இந்தியா கம்பெனி அதிகாரியா இருந்து மெட்ராஸ் கவர்னரான மன்ரோனு தலைப்பு வந்துட்டா எல்லாரும் 1761ல கிளாஸ்கோல பொறந்தார்னு தான் ஆரம்பிக்கிறாங்க, கேக்குறவன் அங்கயே கொட்டாவி விட்டுருவான். நீங்க 1792ல ஆரம்பிங்க. திப்புகிட்ட இருந்து சேலமும் பாராமகாலும் (தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) கம்பெனி கைக்கு வந்த வருஷம். இங்க பொறுப்பு கேப்டன் ரீடு, மன்ரோ அவருக்கு கீழ அசிஸ்டெண்ட் தான், தருமபுரில குடியிருந்தாரு. சேலத்தோட முதல் கலெக்டர்னு எழுதினீங்கனா மார்க் போச்சு. ஏற்காட்டு காபியையும் இவர் தலைல கட்டிடாதீங்க, அது காக்பர்ன், 1820ஸ்ல கலெக்டரா இருந்தவரு.

அப்புறம் கொஞ்சம் பின்னாடி போங்க. 1780ல மெட்ராஸ் பட்டாளத்துக்கு வந்த பையன், கையில காசு கிடையாது, தலகாணி கூட இல்லாம புஸ்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வச்சு படுத்தேன்னு அக்கா தங்கச்சிக்கு லெட்டர் போட்டவரு. இந்த ஒரு வரி போதும், ஆள் கண்ணு முன்னாடி நிப்பாரு.

ரயத்வாரிய விளக்குறப்ப தான் நெறைய பேர் சொதப்புறாங்க. வீட்டு பட்டாவ எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க, யாரு பேரு, எந்த நம்பர் நெலம், எவ்ளோ தீர்வைனு (நெல வரி) இருக்கும்ல, நடுவுல ஜமீன் இல்லாம விவசாயிகிட்டயே சர்க்கார் நேரா கணக்கு வைக்கிறது தான் ரயத்வாரி, அந்தப் பழக்கத்த ரீடும் மன்ரோவும் இந்தப் பக்கம் தான் நெலம் அளந்து பழகுனாங்க. ஆனா விவசாயிய காப்பாத்த வந்த மகான்னு உருகாதீங்க, கம்பெனிக்கு தேவ வரி, அவ்ளோ தான்.

அதிகாரி எப்ப அரசியல் ஆளா மாறுனாருங்கறது தான் உங்க கட்டுரைக்கு உயிர், அங்க நேரம் எடுத்துக்கோங்க. கடப்பா, பெல்லாரி பக்கம் வேல பாத்தப்ப தீர்வை ஜாஸ்தி, கால்வாசி கொறைங்கனு 1807ல எழுதுறாரு, மேல இருந்தவங்க கேக்கல. லண்டன் போறாரு, 1813ல பார்லிமெண்ட் கமிட்டி முன்னாடி சாட்சி சொல்றாரு, நாகரிகத்த சரக்கு மாதிரி ஏத்தி எறக்குனா இந்தியால இருந்து எறக்குமதி பண்ற இங்கிலாந்துக்கு தான் லாபம்னு அவங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. எம்பி ஆனார்னு மட்டும் போட்றாதீங்க, ஆகல. 1820ல மெட்ராஸ் கவர்னரா வந்து உக்காந்தப்புறம் தான் அந்த தீர்வை கொறைஞ்சுது.

சாவ ரெண்டு வரில முடிச்சிருங்க: 1827 ஜூலை 6, ஆந்திரா பக்கம் பத்திகொண்டா, காலரா.

சென்னை தீவுத்திடல் பக்கம் குதிர மேல சிலையா இருக்காரே, அந்தக் குதிரைக்கு சேணம் வைக்க மறந்த சிற்பி தற்கொல பண்ணிகிட்டார்னு வாட்ஸ்அப்ல சுத்துற கதைய தயவுசெஞ்சு சேக்காதீங்க.