கழன்ற தோளுக்கு ஸ்கேன்: அளவில் நேரும் தவறுகள்

டர்பனில் ரக்பி ஆடும் நம் பிள்ளைகளுக்குத் தோள் கழன்றால், எக்ஸ்ரேயில் "முறிவு இல்லை" என்றதும் வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் முதல் தவறு. திரும்பத் திரும்பக் கழலும் தோளில் மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பு மழுங்கிக்கொண்டே போகும். வழக்கமான எக்ஸ்ரேயில் அது எளிதில் தப்பிவிடும்.

எலும்பைப் பார்க்காமல் ஜவ்வை மட்டும் தைத்தால் என்ன ஆகும் என்று காட்டியவர்களில் ஒருவர் நம் கேப்டவுன் மருத்துவர் ஜோ டி பீர். அமெரிக்காவின் ஸ்டீபன் பர்க்ஹார்ட்டுடன் அவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 194 ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும்) அறுவைகள் அலசப்பட்டன. பெரிய எலும்பிழப்பு இல்லாத தோள்களில் 4 சதவீதமே மறுபடி சிக்கலாயின. இருந்தவற்றில் 67 சதவீதம்.

எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, இனி சிடி எதற்கு என்ற கேள்வி அடிக்கடி வரும். கிழிந்த ஜவ்வுக்கு எம்ஆர்ஐதான் சரி. எலும்பை அளக்க இன்றும் உரைகல் முப்பரிமாண சிடி. அதில் கிண்ணத்தில் பொருந்தும் மேற்கை எலும்பின் பந்துபோன்ற தலையைக் கணினியில் நீக்கிவிட்டுக் கிண்ணத்தை நேர்முகமாகப் பார்க்கலாம். முப்பரிமாண எம்ஆர்ஐ அதற்கு மிக அருகில் வந்துவிட்டது, கதிர்வீச்சும் இல்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த வசதி உண்டா என்று, மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) அனுமதி கேட்கும் முன்பே விசாரியுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது சதவீதக் குழப்பம். கிண்ணத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டம் பொருத்தி, குறைவதை அளப்பார்கள். வட்டத்தின் விட்டம் 25 மி.மீ., உடைந்தது 5 மி.மீ. என்று வையுங்கள். அகலக் கணக்கில் இழப்பு 20 சதவீதம். அதே தோள் பரப்பளவுக் கணக்கில் ஏறக்குறைய 14 சதவீதம்தான்! 20-25 சதவீதத்தை எட்டினால் எலும்பு ஒட்டு வைப்பதே நெடுநாள் வழக்கம், இப்போது 13.5 சதவீதத்திலேயே எச்சரிக்கையாகும் மருத்துவர்களும் உண்டு. எந்தக் கணக்கு என்று எழுதாத அறிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போதும் முறை ஒன்றா என்று பாருங்கள்.

கிண்ணத்தோடு நிறுத்துவதும் தவறு. பந்தின் பின்பக்கப் பள்ளமான ஹில்-சாக்ஸையும் சேர்த்தே அளக்க வேண்டும். கிண்ணத்தில் நடுத்தர இழப்புதான் என்றாலும், பள்ளம் அகலமாக இருந்தால் அது விளிம்பில் மாட்டிக்கொள்ளும்.

ஸ்கேனுக்குப் பிறகு தோள் மறுபடி கழன்றிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பழைய படத்தில் இருந்த எலும்பு இப்போது இல்லாமல் இருக்கலாம்.