குறைந்த செலவில் நல்ல டோன்: பேஸ் கிட்டாருக்கு ஸ்ட்ரிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

பேஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியும், வாங்கியபோது அதில் இருந்த அதே ஸ்ட்ரிங்கோடு வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். சத்தம் மந்தமாக இருக்கிறதே என்று தோன்றியதும் பெடல் வாங்கலாமா, பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) மாற்றலாமா என்று யோசனை ஓடும். அதற்கெல்லாம் முன்னால் ஸ்ட்ரிங்கை மாற்றிப் பாருங்கள். இதைவிடக் குறைந்த செலவில் டோனை இவ்வளவு மாற்றக்கூடிய பொருள் வேறு இல்லை. விலை உயர்ந்த செட்தான் நல்ல சத்தம் தரும் என்பதும் உண்மை இல்லை. உங்களுக்குப் பொருந்தாத விலை உயர்ந்த செட்டைவிடப் பொருந்துகிற சாதாரண செட் எவ்வளவோ மேல்.

முதலில், இருக்கும் ஸ்ட்ரிங்கைச் சோதியுங்கள்

தடிமனான ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தில் விரல் நகத்தை வைத்து, நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சிறு கட்டை) பிக்கப் வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலேயும் சின்னப் பள்ளம் நகத்தில் தட்டுப்படும். அழுத்தி அழுத்தித் தேய்ந்த இடம் அது. பிறகு ஒரு வெள்ளைத் துணியை அதே அடிப்பக்கத்தில் தேயுங்கள், கறுப்பாக வரும். வியர்வையும் தோல் துகளும் ஸ்ட்ரிங்கின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் அடைந்துவிட்டால் மேல் அதிர்வுகள் செத்துவிடும், அடிச்சுரம் மட்டும் "டும்" என்று நிற்கும். 12-வது ஃபிரெட்டில் ஹார்மோனிக் (அழுத்தாமல் ஃபிரெட்டுக்கு நேர் மேலே லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) எடுத்துவிட்டு அதே ஃபிரெட்டை அழுத்தி வாசித்தால் இரண்டும் சேராமல் விலகிப் போகிறதா? எவ்வளவு சரிசெய்தாலும் சேரவில்லை என்றால் ஸ்ட்ரிங்கின் ஆயுள் முடிந்தது.

ஒருவேளை பேஸில் இருக்கும் டோன் குமிழ் முழுக்க மூடியிருந்தால் அதைத் திறந்துவிட்டு மறுபடி கேளுங்கள். பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் என்றால் பேட்டரியையும் பாருங்கள்.

அளவை எடுங்கள்

இதைத் தவறவிட்டால் காசு வீண். நட்டிலிருந்து 12-வது ஃபிரெட் வரை டேப் வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம். அளந்தது 17 அங்குலம் என்றால் உங்களுடையது 34 அங்குல லாங் ஸ்கேல், பெரும்பாலான பேஸ் இதுதான். 15 வந்தால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல். நடுவில் 32 அங்குல மீடியம் ஸ்கேலும் உண்டு. ஒருமுறை நான் அளக்காமல் ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு லாங் ஸ்கேல் செட் வாங்கிவிட்டேன். ஈ ஸ்ட்ரிங்கின் தடித்த பகுதியே ட்யூன் செய்யும் சாவியைச் சுற்ற வேண்டியதாகி, வளைவில் சுற்றுக்கம்பி நெகிழ்ந்து, புது ஸ்ட்ரிங்கே பழையதைப் போல ஒலித்தது. ஸ்ட்ரிங்கை உடலின் பின்பக்கமாக நுழைத்து மாட்டும் பேஸ் என்றால் கூடுதல் நீளம் தேவைப்படும். ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் என்றால் பி ஸ்ட்ரிங்கும் சேர்ந்த செட்டாகக் கேளுங்கள்.

சுற்று எப்படிப்பட்டது?

டோனை அதிகம் மாற்றுவது இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள்.

ரவுண்ட்வுண்ட் என்பது நடுக்கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பி சுற்றியது. தொட்டால் சொரசொரப்பு தெரியும், சத்தம் பளிச்சென்று இருக்கும், விரல் நகரும்போது "கீச்" என்ற உரசல் கேட்கும். ராக், ஃபங்க், ஸ்லாப் (கட்டைவிரலால் தட்டி வாசிப்பது) வாசிக்க இதுதான் வழக்கம். 1960-களில் தி ஹூ என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விஸ்ல், பியானோவின் கீழ்க்கட்டைகள் போலக் கணீரென்ற பேஸ் வேண்டும் என்று ரோட்டோசவுண்ட் ஸ்ட்ரிங் நிறுவனத்தோடு உட்கார்ந்து உழைத்தார். ஸ்விங் பேஸ் 66 என்ற ஸ்டீல் ரவுண்ட்வுண்ட் செட் அங்கிருந்து வந்ததுதான், இன்றும் கிடைக்கிறது.

ஃப்ளாட்வுண்ட் பட்டைக் கம்பி சுற்றியது. கண்ணாடி போல வழுவழுப்பு, உரசல் கிட்டத்தட்ட இல்லை, சத்தம் உருண்டு திரண்டு அடியில் உட்காரும். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களில் கேட்கும் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் தடித்த ஃப்ளாட்வுண்ட்தான். அதை அவர் மாற்றுவதே அபூர்வம். விலை ரவுண்ட்வுண்டைவிடக் கூடுதல்தான், ஆனால் ஃப்ளாட்வுண்ட் பழசாகப் பழசாக நன்றாகிக்கொண்டே போகும், வருடக்கணக்கில் விட்டுவிடலாம். பளிச்சென்ற சத்தமே வேண்டாம் என்பவருக்கு நீண்ட நாள் கணக்கில் இதுதான் சிக்கனம். ஃபிரெட் இல்லாத ஃபிரெட்லெஸ் பேஸ் வைத்திருப்பவர்களும் இதையே பாருங்கள், ரவுண்ட்வுண்ட் விரல்பலகையை அறுக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஹாஃப்ரவுண்ட், ஸ்டீல் மேல் நைலான் பட்டை சுற்றிய டேப்வுண்ட் எல்லாம் உண்டு. முதல் செட்டாக இவை வேண்டாம்.

உலோகம்

நிக்கல் பூசிய ஸ்டீல் நடுநிலை: பளிச்சென்றும் இருக்கும், காதைக் குத்தாது, விரலுக்கும் இதம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் கூர்மை, விரலுக்கும் ஃபிரெட்டுக்கும் கொஞ்சம் கடுமை. ஆனால் வியர்வைக்கு நன்றாகத் தாங்கும், கை அதிகம் வியர்ப்பவர்கள் யோசிக்கலாம். சுத்த நிக்கல் மென்மையான பழைய காலத்துச் சத்தம். எதுவும் தெரியவில்லை என்றால் நிக்கல் பூசியதையே எடுங்கள், எல்லா நிறுவனங்களிலும் விலை குறைந்த அடிப்படை செட் பெரும்பாலும் இதுதான்.

கேஜ்

கேஜ் என்றால் ஸ்ட்ரிங்கின் தடிமன். பாக்கெட்டில் 45–105 என்று போட்டிருப்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு. அதாவது மெல்லிய ஜி 1.14 மில்லிமீட்டர், தடித்த ஈ 2.67 மில்லிமீட்டர். தொடங்குகிறவர்களுக்கு 45–100 அல்லது 45–105 போதும். டாடாரியோ இஎக்ஸ்எல்170 முதல் வகை, எர்னி பால் ஹைப்ரிட் ஸ்லிங்கி இரண்டாவது வகை. விரல் வலிக்கிறது என்றால் 40–100 பாருங்கள், சத்தம் சற்று மெலியும். ஈ-யை டி-க்கு இறக்கி வாசிப்பவர்களுக்கு 50–110 தொளதொளக்காமல் நிற்கும். கேஜை மாற்றினால் கழுத்தின் மேல் இழுவிசை மாறும், அதற்கேற்பக் கழுத்தின் வளைவையும் ஸ்ட்ரிங் உயரத்தையும் சரிசெய்ய வேண்டிவரும். அதனால் இப்போது இருப்பது பிடித்திருந்தால் அதே கேஜில் வாங்குவதுதான் நல்லது.

காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கேஜும் உலோகமும் பாக்கெட்டில் எழுதாத, பெயர் தெரியாத செட்டை விலைக்காக வாங்காதீர்கள். ஒரே செட்டில் ஒரு ஸ்ட்ரிங் உரக்கவும் இன்னொன்று அமுங்கியும் ஒலித்தால் எந்த ஆம்ப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தெரிந்த நிறுவனங்களின் அடிப்படை செட் போதும். பூச்சு போட்ட ஸ்ட்ரிங்குக்கு விலை அதிகம், ஆயுளும் அதிகம். பாக்கெட் விலையைப் பார்க்காமல் எத்தனை மாதம் உழைக்கும் என்று வகுத்துப் பாருங்கள். அப்புறம், வாசிக்கும் முன் கை கழுவி, முடித்ததும் அடிப்பக்கம் உட்பட ஒரு துணியால் துடைத்தாலே ஆயுள் கணிசமாகக் கூடும். பழைய ரவுண்ட்வுண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் அழுக்கு கழன்று பளபளப்பு திரும்பும். நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும், ஆனால் அது கொஞ்ச நாளைக்குத்தான். நகத்தில் தட்டுப்பட்ட பள்ளம் கொதிக்கவைத்தால் போகாது.

மாட்டும்போது

நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், கழுத்தின் இழுவிசை நிலையாக இருக்கும். ஸ்ட்ரிங்கை உடலில் இருக்கும் பிரிட்ஜில் நுழைத்து இழுத்து, அதன் சாவியைத் தாண்டி ஒன்றரைச் சாவி தூரத்தில் செங்குத்தாக மடக்குங்கள். மடக்கிய பிறகுதான் மடிப்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்றுக்கம்பி உள்ளே நழுவி ஸ்ட்ரிங் அங்கேயே செத்துப்போகலாம், உருண்டை நடுக்கம்பி உள்ள செட்டுகளில் இது முக்கியம். நுனியைச் சாவியின் நடுத்துளையில் இறக்கி, இரண்டு மூன்று சுற்று மேலிருந்து கீழாக அடுக்குங்கள். பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டான சேடிலுக்கு முன்னால் கட்டைவிரலால் லேசாக அழுத்தி ஸ்ட்ரிங்கை நேராக்குங்கள், ஒலி நிற்கும் நேரம் கூடுவதை உடனே கேட்கலாம். நான்கும் ஏறியதும் ட்யூன் செய்து, 12-வது ஃபிரெட் சோதனையைத் திரும்பச் செய்து சேடிலை நகர்த்துங்கள்: அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிட உயர்ந்திருந்தால் பின்னால், தாழ்ந்திருந்தால் முன்னால்.

புது ரவுண்ட்வுண்ட் முதல் சில மணி நேரம் கணகணவென்று இருக்கும். பயந்து ஆம்ப்பின் ட்ரெபிளை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள், சில நாள் வாசித்த பிறகு செட் பிடித்திருக்கிறதா என்று முடிவு செய்யலாம். மாட்டிய தேதியையும் கேஜையும் பாக்கெட்டின் மேல் எழுதி, கழற்றிய பழைய செட்டைச் சுருட்டி அதிலேயே போட்டுப் பையில் வையுங்கள். மேடையில் ஒன்று அறுந்தால், ஏற்கெனவே உங்கள் சாவிக்கு அளவெடுத்து வெட்டிய ஸ்ட்ரிங் கையில் தயாராக இருக்கும்.