ஆங்கிலத்துக்குள் நுழைந்த ரஷ்ய ‘இல்லை’: ஒரு சொல்லின் தடத்தைத் தேடும் முறை

ஆங்கிலம் பேசுவோர் சிலர், ‘நோ’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நியெட்’ என்று சற்றே முறைப்பும் விளையாட்டும் கலந்து சொல்வதுண்டு. இந்த ரஷ்யச் சொல் அங்கு எப்படிக் குடியேறியது என்பதை, மொழியியல் படிக்காதவரும் இணைய வசதியைக் கொண்டு தேடிப் பார்க்கலாம்.

படி 1: சொல்லை அதன் சொந்த மொழியில் பாருங்கள்

ரஷ்ய மொழியில் இதற்கு மூன்றே எழுத்துகள். முதல் ஒலி நம் ‘ஞ’வுக்கு நெருக்கமானது, கடைசி ஒலி ‘த்’. ஆகவே ‘ஞெத்’ என்று எழுதினால் தமிழர் காதுக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆங்கிலேயர் நாவில்தான் அது ‘நியெட்’ ஆகிறது. ‘இங்கே இல்லை’ என்னும் பொருளுடைய பழைய தொடர் ஒன்று சுருங்கிப் பிறந்த சொல் இது என்பதால், நம் ‘இல்லை’யைப் போலவே மறுப்பையும் ஒரு பொருள் இல்லாமையையும் சேர்த்தே குறிக்கிறது. ஆங்கிலம் இதில் மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டது.

படி 2: எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள்

நூலகங்கள் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறைப்படி இச்சொல்லை எழுதினால், வலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிவிடும். நடுவில் ‘ஒய்’ சேர்த்த வடிவமே (nyet) பரவியது. காதால் கேட்டு எழுதிய அந்த வடிவத்தில்தான் நீங்கள் தேட வேண்டும்.

படி 3: அரசியல் பின்னணியைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்

பொறுமை தேவைப்படும் படி இதுதான். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தின் 27ஆம் பிரிவு, பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளுக்கும் வீட்டோ அதிகாரத்தை, அதாவது ஒரே எதிர்வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கும் உரிமையைத் தந்தது. அதன் முதல் பயன்பாடு 1946 பிப்ரவரி 16 அன்று, சபை லண்டனில் கூடியிருந்தபோது, சிரியாவிலும் லெபனானிலும் இருந்த அந்நியப் படைகளின் வெளியேற்றம் பற்றிய தீர்மானத்தின்மீது சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கியால் நிகழ்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பதிவான வீட்டோக்களில் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியத்தினுடையவை. அமெரிக்காவின் முதல் வீட்டோ 1970இல்தான் வந்தது. ஐ.நா. நூலகம் இவற்றின் முழுப் பட்டியலையும் இணையத்தில் வைத்திருக்கிறது.

1946 முதல் 1948 வரை ஐ.நா.வில் சோவியத் நிரந்தரப் பிரதிநிதியாகவும், 1957 முதல் 1985 வரை வெளியுறவு அமைச்சராகவும் இருந்த ஆந்திரேய் குரோமிகோவுக்கு மேற்கத்தியப் பத்திரிகைகள் ‘மிஸ்டர் நியெட்’ என்று பட்டம் சூட்டின. பாதுகாப்புச் சபையில் வாக்கெடுப்பு கை உயர்த்தி நடப்பது. வீட்டோ செய்ய யாரும் ‘நியெட்’ என்று முழங்க வேண்டியதில்லை. ஆகவே இச்சொல்லைப் பரப்பியதில் தூதர்களைவிடத் தலைப்பு எழுதியவர்களுக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, அதிலேயே யார் மறுத்தார் என்பதும் விளங்கிவிடுகிறது. செய்தி ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

படி 4: கூகுள் என்கிராம் வியூவரில் தேடுங்கள்

கூகுள் புக்ஸ் தொகுப்பிலுள்ள நூல்களில் ஒரு சொல் ஆண்டுதோறும் எவ்வளவு வருகிறது என்பதை வரைகோடாகக் காட்டும் இணையக் கருவி இது. ‘நியெட்’டைத் தேடும் முன் கருவியைச் சோதித்துக்கொள்வது நல்லது. ‘ஸ்புட்னிக்’ என்று ஆங்கில எழுத்தில் இட்டுப் பாருங்கள். அந்தச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது 1957 அக்டோபர் 4 அன்று. ஆனால் வரைகோடு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழத் தொடங்கும். முன்கூட்டியே அமைந்திருக்கும் ‘ஸ்மூத்திங்’ அளவு 3, அதாவது முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகளின் சராசரி, இப்படிக் காட்டுகிறது. அதை 0 ஆக்கிய பிறகே ‘நியெட்’டைத் தேடுங்கள், பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராமல் தேடும் பெட்டியையும் தேர்ந்தெடுங்கள். 1946க்கு முன்பும் இச்சொல் அச்சில் உண்டு என்பதால், கோடு பூஜ்யத்திலிருந்து எழ வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பருவ இதழ்களின் எல்லாத் தொகுதிகளுக்கும் முதல் இதழின் ஆண்டையே இட்டுவிடும் பிழையும் கூகுள் புக்ஸில் இருப்பதால், பழைய ஆண்டு ஏதேனும் தென்பட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து சரிபாருங்கள்.

படி 5: வாக்கியங்களைப் படித்து வகை பிரியுங்கள்

கூகுள் புக்ஸில் இச்சொல்லோடு கிடைக்கும் வாக்கியங்களை மூன்றாகப் பிரிக்கலாம்: ரஷ்யர் ஒருவர் வாயிலிருந்து வருபவை, சோவியத் மறுப்பைப் பற்றியவை, ரஷ்யாவுக்குத் தொடர்பே இல்லாதவை. பிள்ளை கேட்ட சைக்கிளுக்குத் தந்தை ‘நியெட்’ சொன்னார் என்பது போன்ற மூன்றாம் வகை கிடைக்கும்போதுதான் சொல் அன்றாட வழக்கை எட்டியது என்று கொள்ளலாம். கூடவே அச்சையும் பாருங்கள்: அந்நியச் சொல்லுக்கு இடும் சாய்வெழுத்து நீங்கியிருக்கிறதா, ‘எஸ்’ சேர்ந்து பன்மையாகியிருக்கிறதா என்பவை நல்ல அடையாளங்கள்.

இதே முறையில் ‘ஆம்’ எனப் பொருள்படும் ரஷ்ய ‘தா’வைத் தேட ஆசை வரலாம். ஆங்கில எழுத்தில் அதன் இரண்டெழுத்து வடிவம் (da) இத்தாலிய, போர்த்துகீசியப் பெயர்களில் எல்லாம் நிறைந்து கிடப்பதால் அதன் வரைகோட்டை நம்ப முடியாது. அதற்கு நான்காம் படியை விட்டுவிட்டு நேரே ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள்.