சைவச் சாப்பாட்டில் கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து சேர
கம்மஞ்சோறு, கொள்ளுப்பருப்பு, தட்டைப்பயிறு குழம்பு, கீரைக் கடைசல் என்று நம் கொங்குச் சமையலிலேயே இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் பயிறு, கீரையில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே வைட்டமின் சி வேண்டும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிடுங்கள். எலுமிச்சை என்றால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதியில் அந்தச் சத்து குறைந்துவிடும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

அப்புறம், கர்ப்பிணிக்குத் தினமும் 27 மில்லிகிராம் இரும்பு தேவை. சாப்பாட்டில் மட்டும் அது கிடைப்பது கஷ்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரையை விட்டுவிடாதீர்கள். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் 2 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மலம் கருப்பாகப் போவது இரும்பு மாத்திரையால்தான், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம்.