பழைய பிக்கப்பை மீட்டெடுப்பது: பிரேக்கில் தொடங்கி பெயின்ட்டில் முடிக்க வேண்டிய வேலை

மதுரையைச் சுற்றிப் பழைய பிக்கப் கிடைப்பது கஷ்டமில்லை. ஊருக்கு ஒன்றாவது வேப்பமரத்தடியிலோ அரிசி மில் ஓரத்திலோ நின்றுகொண்டிருக்கும். விலை பேசும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்காதீர்கள். மீட்டர் நின்று பல வருடம் ஆகியிருக்கும். என்ன லோடு அடித்தது என்று கேளுங்கள். சோழவந்தான் பக்கம் வாழைத்தாரும் வெற்றிலையும் ஏற்றிய வண்டி என்றால் தொட்டி எப்போதும் ஈரத்தில் கிடந்து தரைத்தகடு அழுகியிருக்கும். மேலூர்ப் பக்கம் கல், ஜல்லி ஏற்றிய வண்டியில் தகடு தப்பித்திருக்கும், அடிச்சட்டமான சேசிஸும் பின் ஸ்பிரிங்கும் அடி வாங்கியிருக்கும். மாட்டுத்தாவணிக்குப் பூ அடித்த வண்டி பெரிய எடையைக் கண்டிருக்காது. ஆனால் விடிவதற்குள் சந்தை சேர விரட்டப்பட்டது; அதில் இன்ஜினைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பொழுதுபோக்குக்காக முதல் வண்டி எடுப்பவர்கள் மஹிந்திரா ஜீப் குடும்பத்து பிக்கப் அல்லது டாடா 207 டி.ஐ. இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஜீப் குடும்பத்தில் 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. இன்ஜினோ 2523 சி.சி. எம்.டி.ஐ. இன்ஜினோ இருக்கும், 207 டி.ஐ.யில் இருப்பது 2956 சி.சி. எல்லாமே கம்ப்யூட்டர் இல்லாத டீசல் இன்ஜின்கள், பாகமும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். அபூர்வ வண்டி மேல் ஆசை வந்தால் அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன்

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் கண்ணால் பார்த்து ஒப்பிட வேண்டும். சேசிஸில் நம்பர் அடித்த இடம் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது. நம்பர் அழிந்துவிட்டால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட முடியாது. ஃபைனான்ஸ் பாக்கி, வரி பாக்கி, வழக்கு ஏதும் உண்டா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். டி.என். 58, 59, 64 மூன்றும் மதுரைப் பதிவு. திண்டுக்கல்லின் 57, தேனியின் 60, விருதுநகரின் 67 என்றால் பெயர் மாற்றத்துக்கு எந்த அலுவலகத்துக்கு அலைய வேண்டும் என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

சரக்கு வண்டியாகப் பதிவானது 8 வருடம் தாண்டிவிட்டால் எஃப்.சி. ஆண்டுக்கு ஒரு முறை. விண்டேஜ் பதிவு 50 வருடம் கடந்த, சொந்த உபயோகத்தில் உள்ள வண்டிகளுக்குத்தான். 90-களின் பிக்கப்புக்கு அந்த வழி கிடையாது. ஆகவே நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் எஃப்.சி. மைதானத்தில் நிற்க வேண்டியது.

நூலும் தூக்குக்குண்டும்

சேசிஸ் கோணலா என்று பார்க்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். முன் ஸ்பிரிங்கின் முன் பின், பின் ஸ்பிரிங்கின் முன் பின் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான நான்கு நான்கு இடங்களில் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு, எதிரெதிர் மூலைப் புள்ளிகளைக் குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவுக்கும் 5, 6 மி.மீ. வரை வித்தியாசம் வந்தால் கவலையில்லை. 15 மி.மீ. வந்தால் அந்தச் சேசிஸ் அடிபட்டது. பொழுதுபோக்காக எடுக்கத் தகுந்ததில்லை.

குறுக்களவு சரியாக இருந்தும் வண்டி நண்டு மாதிரி ஒருபக்கமாக ஓடினால் பின் ஸ்பிரிங்கின் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைப் பாருங்கள். அது அறுந்தால் பின் அச்சின் உறையான ஹவுசிங், ஸ்பிரிங் மேல் நகர்ந்துவிடும். போல்ட் விலை சொற்பம். ஆனால் கழற்றும்போது ஹவுசிங்கை ஸ்பிரிங்கோடு கட்டும் பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டுவிடுவார்கள்; அது ஒருமுறை இழுபட்டது, மறுபடி இறுக்கம் நிற்காது. நான்கையும் புதிதாகவே போடுங்கள்.

சுத்தியலால் சேசிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே துருத்தின்ற இடம் மொத்தென்று கேட்கும். ஸ்பிரிங் பிராக்கெட்டின் மேல்புறமும் குறுக்குச் சட்டம் சேரும் மூலைகளும்தான் மண் தங்கி அழுகும் இடங்கள்.

பிரேக்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஸ்டார்ட் ஆன வண்டியை அடுத்த நிமிடம் ஓட்டிப் பார்க்கவும் தோன்றும். அதனால்தான் பிரேக்கை முதலில் முடிக்கச் சொல்கிறோம்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூவின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 1 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்ற வேண்டும். பின் ஹவுசிங் ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருந்தால் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவார்கள். அது உதவாது. சூடேறியதும் உறிஞ்சிய ஆயில் வெளியே வரும், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி இழுக்கும். சீலை மாற்றி, இரண்டு பக்க லைனிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

டிரம்மில் நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் பிடித்துச் சீவ வேண்டும். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒரே அச்சிலுள்ள இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் வார்க்கப்பட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. மெலிந்த டிரம் சூட்டில் விரிந்து வெடிக்கும்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் உள்சுவரைப் பாருங்கள். பழுப்புக் கறை இருந்தால் துடைத்தால் போய்விடும். ஊசி குத்தியது போலச் சின்னக் குழிகள் தெரிந்தால் உள்சுவரைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் ஹோனிங் போட்டும் பலன் இல்லை, புது சிலிண்டர்தான். ரப்பர் வாஷரைச் சேர்க்கும்போது பிரேக் ஆயிலைத் தவிர வேறு எதையும் தொடவிடாதீர்கள். கிரீஸ், இன்ஜின் ஆயில், டீசல் எது பட்டாலும் ரப்பர் ஊதி, பிஸ்டன் இறுகி, சக்கரம் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பிரேக் பைப் துருப்பிடித்திருந்தால் ஏ.சி. வேலைக்கு விற்கும் செம்புக் குழாயைப் போட்டுத் தரும் பழக்கம் உண்டு. வேண்டவே வேண்டாம். அதிர்வில் அந்தச் செம்பு இறுகி, விளிம்பு மடித்த இடத்தில் விரிசல் விடும். பிரேக்குக்கென்றே வரும் இரும்பு பைப்பை வாங்கி, முனையை இரட்டை மடிப்பாக மடிக்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயிலில் சிக்கிய ஏரை எடுக்கும்போது, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: நம் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்றால் பெடலுக்கு அடியில் 5 செ.மீ. கட்டை ஒன்றை வையுங்கள். இத்தனை வருடம் வாஷர் போய்வராத அடிப்பகுதியில் துரு உட்கார்ந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் வாஷரின் உதடு அந்தத் துருவில் உரசிக் கிழியும். காலையில் ஏர் எடுத்த வண்டியில் சாயங்காலம் பெடல் கீழே போவது பெரும்பாலும் இதனால்தான்.

பெடல் மிதிப்பை லேசாக்கும் பூஸ்டர் உள்ள வண்டியில் ஒரு சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்து தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரைக் குறை சொல்லும் முன் வேக்கும் பம்ப்பிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை விரலால் தடவிப் பாருங்கள். டீசல் இன்ஜினில் தனி பம்ப்தான் வேக்கும் கொடுக்கிறது. வெடித்த ஒரு ஹோஸ் போதும், பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

உப்புத் தண்ணீரும் ரேடியேட்டரும்

எங்கள் பக்கத்து வண்டிகளுக்குப் பெரிய எதிரி போர் தண்ணீர். டிரைவர்கள் வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருப்பார்கள். மேல் டேங்க்கைத் திறந்து டார்ச் அடித்தால் குழாய் வாய்களில் தோசைக்கல் ஓரம் போல வெள்ளைப் பொருக்கு கட்டியிருப்பது தெரியும். அந்தப் பொருக்கு சூட்டைக் கடத்தாது. சித்திரை வெயிலில் ஹெட் கேஸ்கெட் போவதற்கு இதுவே தொடக்கம்.

செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு, ஆறியபின் வடியுங்கள். பழுப்பாக வரும். அடுத்து லிட்டருக்கு 10 கிராம் ஆப்ப சோடா கரைத்து ஒரு முறை, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அதற்குப் பிறகும் ஓடும் சூட்டில் ரேடியேட்டரின் ஒரு பகுதி மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் குழாய் முழுதாக அடைத்திருக்கிறது. ரேடியேட்டர் பட்டறையில் மேல் டேங்க்கைப் பிரித்துக் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

“நம்ம ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?” என்று கழற்றி எறிவது மதுரையில் சகஜம். நாங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறோம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடாகவே நேரமெடுக்கும், அதுவரை ஆயில் கெட்டியாக நின்று சிலிண்டர் தேயும். பல இன்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வரும். பழையதைச் சோதிக்க ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் அடித்திருக்கும் வெப்பநிலை வரும்போது, பெரும்பாலும் 82 டிகிரி, வாய் திறக்கத் தொடங்க வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். 0.9 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்து வழியும். நிரப்புவது உப்பு நீக்கிய டி.எம். வாட்டரும் கூலன்ட்டும் மட்டுமே.

இன்ஜின், டீசல்

இன்ஜினைப் பிரிக்கலாமா வேண்டாமா என்பதைக் கம்ப்ரஷன் கேஜ் சொல்லட்டும். நான்கு சிலிண்டரும் 25 பாருக்கு மேல், ஒன்றுக்கொன்று 3 பாருக்குள் வித்தியாசம் என்றால் தொடாதீர்கள். எல்லாமே 20க்குக் கீழ் என்றால் சிலிண்டர் போர் வேலைக்குப் பணம் ஒதுக்குங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். எக்ஸ்.டி.பி. இன்ஜின் காலையில் முரண்டு பிடித்தால் முதலில் ஹீட்டர் பிளக்குகளைச் சோதியுங்கள்.

நின்றுபோன வண்டியின் டீசல் டேங்க்கைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. அடியில் சேறும் தண்ணீரும் இருக்கும். பம்ப்பும் நாசிலும் கெட்டால் செலவு பல மடங்கு. பம்ப் கேலிபரேஷனைப் பம்ப் கடையிலேயே விடுங்கள். “கொஞ்சம் டீசல் கூட்டி வை” என்று சொல்லாதீர்கள். கரும்புகைதான் வரும், எஃப்.சி.யும் போகும்.

ஒயரிங்

பழைய ஒயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுதாகப் புது செட் போடுவதே நிம்மதி. ஹெட்லைட் மங்கினால் 100 வாட் பல்பு தேடாதீர்கள். பல்பு ஹோல்டரில் மீட்டர் வைத்து, பேட்டரியை விட 0.5 வோல்ட்டுக்கு மேல் குறைகிறதா என்று பாருங்கள். 60/55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் பழைய சுவிட்ச் வழியே வரும்போது சுவிட்ச்சே கருகும். சுவிட்ச்சுக்குப் பதில் அந்த மின்சாரத்தைத் தான் சுமக்கும் ஒரு ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர், நல்ல எர்த். அதே பல்பு புதிதாக எரியும்.

தகடும் பெயின்ட்டும்

அழுகிய தகட்டின் மேல் புதுத் தகட்டைப் போர்த்தி வெல்ட் வைக்கும் டிங்கர் வேலை ஒரு மழைக்காலம் தாங்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் நிற்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தகட்டை விளிம்போடு விளிம்பாக வைத்து, மிக் வெல்டிங்கில் தள்ளித்தள்ளிப் புள்ளி வைத்து நிரப்ப வேண்டும். ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு அப்பளம் போல நெளியும். மேடுபள்ளம் நிரப்பும் பட்டி 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். தொட்டியின் தாழ்ந்த மூலைகளில் 10 மி.மீ. ஓட்டை நான்கு போட்டு, ஓட்டையின் விளிம்புக்கும் ப்ரைமர் தொட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் அடித்தால் ஈரத்தில் வெளிறிப் போகும். தை பிறந்து அடியுங்கள். ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் என்றால் துணி முகமூடி உதவாது. ஆவி வடிகட்டும் கேட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம் வேண்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

எதைக் கூட்டலாம்

மூன்று புள்ளி சீட் பெல்ட், ஒற்றைச் சுற்று பிரேக்குக்குப் பதில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், அதே குடும்பத்துப் பிந்தைய மாடலின் பவர் ஸ்டியரிங்: இவை காசுக்குத் தகுந்தவை. பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் கை வைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேறு இன்ஜின் பொருத்த முன் அனுமதி வேண்டும். டர்போ இல்லாமல் பிறந்த இன்ஜினுக்கு டர்போ மாட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பிஸ்டனும் கூலிங்கும் அந்தச் சூட்டுக்கு வடிவமைத்தவை அல்ல.

முதல் ஓட்டம்

முதல் 50 கி.மீ. வீட்டைச் சுற்றி. அடுத்து தொட்டியில் 300 கிலோ மணல் மூட்டையோடு, திண்டுக்கல் வழியாகச் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ரேடியேட்டர் தன் நிலைமையைச் சொல்லிவிடும். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். அடிவாரத்தில் நிறுத்தி, நான்கு டிரம்முக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒரு பின் டிரம் மற்றதை விட அனல் வீசினால் ஷூ விடாமல் பிடிக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதில் பிரேக்கே பிடிக்கவில்லை. வீடு திரும்பி அந்தச் சக்கரத்தைக் கழற்றுங்கள். 500 கி.மீ. ஆனதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.