பயிற்சிக்குப் போகமாட்டேன் என்றான் மகன்

கோபிச்செட்டிபாளையத்தில் கைப்பந்து பயிற்சிக்கு ஓடிய என் 15 வயது மகன், திடீரென்று தினமும் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். ஒருநாள் முதுகில் கன்றிய தடத்தைப் பார்த்தேன்.

அணியில் ஒருவன்மீது சந்தேகப்பட்டு அவன் வீட்டுக்கே கிளம்பிய கணவரைத் தடுத்தேன். அவர்கள் பங்காளி முறை வேறு, பேச்சு பஞ்சாயத்தாகிவிடும்.

“கண்ணு, உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம்” என்றேன். அப்புறம்தான் வாய் திறந்தான். மூன்று மாதமாக, உடைமாற்றும் அறையில், அணியினர் நால்வர்.

காயத்தைப் படமெடுத்தோம். வாட்ஸ்அப் மிரட்டல்களை அழிக்கவில்லை. பயிற்சியாளர், “விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள்” என்றார். நல்ல விளையாட்டு! தலைமையாசிரியரிடம் தேதிவாரியாக எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கினேன். குழந்தைகள் உதவி எண் 1098-லும் பேசினேன்.

மறுவாரம் அறை வாசலில் ஓர் ஆசிரியர் நின்றார். மகன் இப்போது வேறு அணியில் ஆடுகிறான். அது அவனே எடுத்த முடிவு.